நாங்கள் நீக்கக் கோரிய வரி

இதைப் படிக்கும் உங்களை நான் வாசகராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். வாசகருக்குப் பாதியில் எழுந்து போகும் உரிமை உண்டு. சாட்சிக்கு அது கிடையாது. நான் சொல்வதையெல்லாம் நம்புங்கள் என்று கேட்கமாட்டேன். நான் காட்டுவதைப் பாருங்கள். நாளை எவரேனும் கேட்டால், பார்த்தேன் என்று சொல்லுங்கள். அது போதும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். பெங்களூர், ஆஸ்டின் டவுனில் ஒரு குறுகிய தெரு. எங்கள் வீட்டு வாசலுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே ஒரு வெள்ளை அம்பாசடர் கார் நிற்கிறது. அதன்மேல் நீலத் தார்ப்பாய். காற்றில் பறக்காமலிருக்கச் சுற்றிலும் செங்கல் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் குடத்தை அதன் பின்பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள். கார் அங்கிருந்து நகர்ந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. அதன் பானெட்டை யாரும் திறக்கக் கூடாது என்பது என் உத்தரவு. வீட்டில் வயதில் இளையவன் நான்தான். ஆனாலும் அந்த உத்தரவை என் அப்பா உட்பட ஒருவரும் மீறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தொரு வயது; மாலைக் கல்லூரியில் வணிகவியல் இறுதியாண்டு. பொங்கல் விழாவோ, அம்மன் கோயில் கரகமோ, இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவோ, எங்கள் பக்கத்தில் மேடை போட்டால் என்னை அழைப்பார்கள். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பயின்றவன் நான். எதிரணித் தலைவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொள்ளும்போதே அவர் எங்கே தொடங்கி எங்கே முடிப்பார் என்று கணித்து, அவர் அமர்வதற்குள் மறுப்பைக் கட்டி முடித்திருப்பேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. நடந்தது அதுதான் என்பதால் சொல்கிறேன்.

அப்பா மேடை ஏறியவர் அல்லர். அவருடைய பேச்சு முழுவதும் ஸ்டியரிங்கில் இருந்தது. பல ஆண்டுகள் பிறருடைய கார்களை ஓட்டி, பின்பு கடன் வாங்கி அந்தப் பழைய அம்பாசடரைச் சொந்தமாக்கிக்கொண்டார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை செய்யும் நான்கு அதிகாரிகளைக் காலையில் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் கொண்டுபோய் விடுவார். மாலையில் திரும்பக் கொண்டுவருவார். பின்னிருக்கையில் அமர்ந்தவர் டம்ளரில் காபி குடித்துக்கொண்டே வரலாம் என்று அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் தீபாவளியைவிடப் பெரியது. வெளியே வாழைக்கன்று, சாமந்தி மாலை, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் என்று எல்லா வீட்டாரும் செய்வதை நாங்களும் செய்வோம். அத்துடன் அம்மாவுக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்கும் பொட்டு வைப்பாள். “வெளிய பூசறது ஊருக்கு. ஓடறது உள்ள இருக்கறதுதானே,” என்பாள். கை எட்டும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு சந்தனக் கோடு இழுத்து, அதன் நடுவே குங்குமம் வைப்பாள். இரும்பில் நிற்க வேண்டும் என்பதற்காகக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்திருப்பாள். எஞ்சின் சூடேறச் சூடேற அது காய்ந்து, வண்ணம் அடித்ததுபோல் இறுகிவிடும். மறு ஆண்டு ஆயுத பூஜையன்று பழையதைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதியது வைப்பாள். ஆண்டுக்கு ஒரு முறைதான். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்து சில வாரங்களில் கார் அடிக்கடி சூடேறத் தொடங்கியது. அப்பா அதை லால்பாக் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனார். கேஸ்கட் போய்விட்டது என்றார்கள். கேஸ்கட் என்பது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகமான பிளாக்குக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் மெல்லிய தகடு. அது கிழிந்தால், ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். அதை மாற்ற ஹெட்டைத் தூக்கியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஹெட்டைத் தூக்கி, புது கேஸ்கட் போட்டு, மூடிவிட்டோம் என்று சொல்லிக் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரசீதும் கொடுத்தார்கள்.

அந்த வாரமே, நான்கு அதிகாரிகளும் உள்ளே அமர்ந்திருக்க, பொம்மசந்திரா நெருங்கும் இடத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஆவி கண்ணாடியை மறைத்தது. அப்பா காரை ஓரமாக உருட்டி நிறுத்தினார். தொலைபேசியில் சொல்லி அனுப்ப, கராஜ் முதலாளியே வந்தார். ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திருகினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் அல்ல, அதிகாரிகளிடம் திரும்பிச் சொன்னார்: “நோடி சார், பாருங்க, உள்ள ஒரு சொட்டு தண்ணி இல்ல. தண்ணி பாக்காம வண்டி எடுத்தா எஞ்சின் என்ன பண்ணும், பாவம்.”

அந்த ஒரு பேச்சு அப்பாவை எங்கும் துரத்தியது. தொழிற்சாலையில் வேறு காரை வைத்துக்கொண்டார்கள். கார் ஸ்டாண்டில் பழகியவர்களே கேலி பேசினார்கள். “வண்டிக்கு ஊத்தலையாம், அண்ணன் மட்டும் ஊத்திக்கினாராம்,” என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். என் அப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டவரில்லை. அவர் ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்தினார். பின்பு பொம்மசந்திராவிலேயே வேறொரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தாம் கார் ஓட்டிய அதே ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். கார் நின்றுபோன இடம் வரும்போது மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார் என்று அதே பஸ்ஸில் போகும் எதிர்வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டது நான். அங்கே வக்கீல்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனுதாரர் கையெழுத்திட்டு அனுமதித்தால் அவருக்காக வேறொருவர் வாதிடலாம். அப்பா கையெழுத்திட்டார். கார் தெருவுக்கு இழுத்துவரப்பட்ட அன்றே, பானெட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தொட்டால், நீங்களே உள்ளே எதையோ மாற்றிவிட்டீர்கள் என்று எதிரணி சொல்லும். அதுதான் அவர்களுடைய முதல் வாதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எதிரணியில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மன்றத்தில் நன்றாகவே பேசினேன். ஆங்கிலத்தில் தொடங்கி, கேட்கும் முகங்களைப் பார்த்துக் கன்னடத்துக்கு மாறி, உழைப்பவனின் கருவியைப் பழுதாக்குவது அவன் கையைப் பழுதாக்குவதே என்று முடித்தேன். வாசலில் நின்றிருந்த வேறு வழக்குக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எஞ்சினைத் திறந்து பார்க்க ஓர் ஆணையரை நியமிக்க வேண்டும் என்றும் கேட்டேன். எதிரணி வக்கீல் நரைத்த மீசைக்காரர். என் பேச்சைத் தலை சாய்த்து ரசித்துக் கேட்டுவிட்டு எழுந்தார். இறுகிப்போன எஞ்சினைத் திறந்தால் கரிதான் இருக்கும், தெரிந்துகொள்ள ஒன்றும் இராது என்றார். கராஜ்காரர்கள் வேலையைச் செய்யவில்லை என்று சந்தேகப்பட மனுதாரரிடம் என்ன அடிப்படை இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் அப்பாவின் சொல் இருந்தது. அது அடிப்படை ஆகாது என்று மன்றம் கருதியது. தங்கள் முன்னால் இருந்ததை வைத்து வேறு முடிவுக்கு அவர்களால் வந்திருக்க முடியாது. அதை அன்றும் ஒப்புக்கொண்டேன். மனு தள்ளுபடி ஆனது. வெளியே வரும்போது அந்த வக்கீல் என் தோளைத் தட்டினார். “சென்னாகி, நல்லாவே பேசறீங்க தம்பி. ஆனா இது மேடை இல்ல, இங்க கைதட்ட ஆள் கிடையாது,” என்றார். நன்றி சொன்னேன்.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்த அன்று மாலை அப்பா பஸ் இறங்கி வந்து, முகம் கழுவி, என் எதிரே அமர்ந்தார். தமிழில் படித்துக்காட்டச் சொன்னார். பக்கம் பக்கமாகச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் என் குரல் தயங்கியதைக் கண்டுபிடித்துவிட்டார். அதை மட்டும் முழுசாகச் சொல்லு என்றார். சொன்னேன். ‘வண்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டிய ஓட்டுநரின் கவனக்குறைவே எஞ்சின் பழுதுக்குக் காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.’

அவர் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. “ஏம்பா, அன்னைக்குக் காலைல நான் தண்ணி பாத்தேனா?” என்றார்.

அன்று காலை நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“தெனம் பாக்கறதுதான். பாத்திருப்பேன். ஆனா அந்த ஒரு நாளு மட்டும் நெனப்புல வரமாட்டேங்குது. அதிகாரிங்க கேட்டாங்க. ஸ்டாண்டுல கேட்டாங்க. நீ மனு எழுதறப்ப நீயும் கேட்ட. இப்ப படிச்ச பெரியவங்களும் எழுதிட்டாங்க. ஒருவேளை பாக்கலயோ என்னமோ.”

சாட்சியே, வழக்கு எதைப் பற்றியது என்பதை நான் அப்போதுதான் முழுமையாக அறிந்தேன். கராஜுக்குக் கொடுத்த பணம் திரும்ப வருவதும் வராமலிருப்பதும் ஒரு பக்கம். இத்தனை ஆண்டு கார் ஓட்டிய ஒருவர் தம் கையையே நம்பாமல் போய்க்கொண்டிருந்தார். ஒரு வரி அவரைத் தமக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்துக்கொண்டிருந்தது. அந்த வரியை நீக்குவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய ஒரு மாதம் அவகாசம் இருந்தது.

எங்கள் பட்டிமன்ற அணியில் எனக்கு அடுத்துப் பேசும் நண்பன், ரிச்சர்ட்ஸ் டவுன்காரன், செய்தி கேட்டு வந்தான். “அரையிறுதில தோத்தவன் ஃபைனல் ஆடணும்னு அடம் பிடிக்கற மாதிரி இருக்குடா,” என்றான். “ஜெயிச்சா சுழற்கோப்பை குடுப்பாங்களா?” சிரித்தேன். அடிப்படை ஒன்று கிடைத்தால் போதும் என்றேன். அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஒரு மாதத்துக்குள் மறு ஆயுத பூஜை வந்தது.

ஓடாத காருக்கு என்ன பூஜை என்று தெருவில் கேட்டார்கள். அப்பாவும் வேண்டாம் என்றார். அம்மா ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. தார்ப்பாயை உருவினாள், நான்கு குடம் தண்ணீர் ஊற்றிக் காரைக் கழுவினாள், மாலை போட்டாள். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னாள். முடியாது என்றேன். பூஜைக்குத் திறக்காமல் போனால் தெய்வக் குற்றம், கோர்ட்டுக் குற்றத்தைவிட அது பெரியது என்றாள். பக்கத்து வீட்டார் நான்கு பேரை நிற்க வைத்து, எவரும் உள்ளே கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டு, நானே திறந்தேன்.

ஓராண்டுத் தூசி. எண்ணெய்க் கசிவின்மேல் தூசி படிந்து எஞ்சின் முழுவதும் கருமையான தோல் போர்த்தியிருந்தது. அம்மா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு குனிந்தாள். அவள் கை போன இடத்தை நானும் பார்த்தேன். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுடா. பழச தொடச்சாத்தானே புதுசு வைக்க முடியும்?”

“எந்தப் பழசும்மா?”

“போன வருஷம் நான் வச்சதுதான். பின்ன, உங்க கராஜ்காரனா வச்சான்?”

ஹெட்டில் தொடங்கிப் பிளாக்கில் முடியும் சந்தனக் கோடு, கருமைக்கு அடியில் மங்கலாக, முறியாமல் இருந்தது. அதன் நடுவே, ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடுக்கின் மேலேயே, இறுகிக் காய்ந்த குங்குமம். ஒரு விரிசல் இல்லை. ஹெட்டைத் தூக்கியவர்கள் அந்தப் பொட்டை இரண்டாகப் பிளக்காமல் தூக்கியிருக்க முடியாது. தூக்கி, துடைத்து, மறுபடி வைத்து முடுக்கினோம் என்பவர்கள் பொட்டையும் மறுபடி வைத்திருக்க வேண்டும்.

அன்று அதற்கு ஈடாக அம்மாவை வேறொரு பூஜை செய்யவிட்டேன்: எஞ்சினைத் தொடாமல், பானெட்டின் உட்புறத்தில் புதுப் பொட்டு. பொட்டைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவள் அதைக் காப்பாற்றினாள். ஆனால் மகன் சாமிக்கு முன்னால் தன் கையைப் பிடித்துத் தடுத்தான் என்ற செய்தி மட்டும் குழாயடி முழுவதும் பரவியது.

மேல்முறையீட்டு மனுவில் பொட்டைக் குறிப்பிடவில்லை. எஞ்சினைத் திறந்து பார்க்க உத்தரவிட வேண்டும், அதற்கான அடிப்படையை விசாரணையில் காட்டுவோம் என்று மட்டும் எழுதினேன். வலுவான கருத்தை முதலில் வைத்தால் எதிரணிக்கு அதைச் சுற்றிப்போக நேரம் கிடைக்கும். மேடையில் கற்றது அது.

மாநில ஆணையத்தில் விசாரணை வந்த நாளில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தலைவர், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வழக்கம் உடையவர். நான் முன்னுரை தொடங்கியதும் கையை உயர்த்தி, அடிப்படை என்ன, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அந்த முன்னுரையை நான் மூன்று இரவுகள் கட்டியிருந்தேன். அதை அங்கேயே விட்டேன். கராஜ் முதலாளி வந்திருக்கிறார், அவரிடம் அவருடைய தொழில் வழக்கம் பற்றி ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றேன். மீசைக்கார வக்கீல் தடுக்க எழுந்தார். தலைவர், ஒரு கேள்விதானே என்றார்.

கராஜ் முதலாளி எழுந்து நின்றார். நெற்றி நிறைய விபூதியும் குங்குமமும். அவருடைய கராஜில் ஆயுத பூஜைக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். பூஜை போட்ட ஸ்பானரை மறுநாள் வரை எவரும் தொடமாட்டார்கள். இதெல்லாம் அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. அவரைப் பொய்யர் என்று நான் நினைத்ததில்லை. பக்தி உள்ளவர் என்று நினைத்தேன். என் கேள்வி அந்தப் பக்தியின்மேல்தான் நின்றது.

கன்னடத்தில் கேட்டேன். பூஜை போட்ட எஞ்சின் வேலைக்கு வருகிறது, திறக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருக்கிறது, அப்போது உங்கள் கராஜில் என்ன செய்வீர்கள்?

அவர் முகம் மலர்ந்தது. கன்னடத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “முதலில் சுத்தமான துணியால் பொட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் ஸ்பானர். குங்குமத்தின்மேல் ஸ்பானர் வைப்பவனுக்கு என் கராஜில் இடமில்லை. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.”

எப்போதுமேயா என்றேன். எப்போதுமே என்றார்.

அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தலைவரிடம் திரும்பினேன். அம்மாவின் பொட்டைப் பற்றிச் சொன்னேன். அது எந்த இடத்தில் இருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொன்னேன். வக்கீல் பாய்ந்து எழுந்தார். குங்குமம் கடையில் கிடைக்கிறது, நேற்றுகூட வைத்திருக்கலாம் என்றார். அந்த வாதத்துக்குத்தான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

“நேற்று வைத்ததாகவே இருக்கட்டும்,” என்றேன். “அப்படியானால் உள்ளே புது கேஸ்கட் இருக்கும், நாங்கள் பொய்யர்கள் என்று எழுதிவிடுங்கள். என் தாயின் குங்குமத்தை நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு அடியில் இருப்பதைத் திறந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். திறக்க அஞ்சுவது எங்கள் தரப்பு இல்லை.”

தலைவர் தம் இரு பக்கத்திலும் இருந்த உறுப்பினர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். ஒரு பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பாடம் நடத்தும் ஆசிரியரை ஆணையராக நியமித்து, இரு தரப்பும் முன்னிலையில் எஞ்சினைத் திறந்து அறிக்கை தரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்தார். “உள்ள புதுசு இருந்துட்டா?” என்றார். பொட்டைக் கண்ணால் பார்த்தும் அவருக்கு அந்தப் பயம் போகவில்லை. திறந்து புது கேஸ்கட் வந்துவிட்டால் அந்த வரி அவருக்கு மேல் நிரந்தரமாக ஏறிவிடும். பிறகு எவரும் அதை இறக்க முடியாது. அம்மாவின் பொட்டின்மேல் எனக்கு ஐயம் இல்லை. என்றாலும் ஆணையர் வரும்வரை ஒரு வாரம் நானும் காரின் பக்கம் பார்க்காமல்தான் போய் வந்தேன்.

ஆணையர் வந்த நாளில் தெருவே குழாயடியில் கூடியிருந்தது. குடம் கொண்டுவராதவர்களும் குழாயடியில் நின்றார்கள். ஆணையர் மெலிந்த மனிதர். வெயிலுக்குக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டியிருந்தார். பானெட்டைத் திறந்து, பொட்டை நெடுநேரம் பார்த்தார். படம் வரைந்தார், உடன் வந்த போட்டோ ஸ்டுடியோக்காரரைப் படம் எடுக்கச் சொன்னார். கோட்டின்மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தார். பிறகு தாம் அழைத்துவந்த மெக்கானிக்கிடம் திறக்கச் சொன்னார்.

மெக்கானிக் ஸ்பானரை எடுத்துக் குனிந்தார். அப்போது கராஜ் முதலாளி, “இரப்பா,” என்று அவரைத் தடுத்தார். தம் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். எண்ணெய் தொட்டுப் பொட்டை மெல்ல ஊறவைத்து, ஒற்றி எடுத்தார். அதைத் தம் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் விலகி நின்றார். அவருடைய வக்கீல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தாம் என்ன செய்தோம் என்பது முதலாளிக்கு ஒரு கணம் கழித்தே உறைத்தது. கைக்குட்டையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நட்டுகள் எளிதில் வரவில்லை. மெக்கானிக் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி நெம்ப வேண்டியிருந்தது. ஹெட் மேலே வந்தபோது கேஸ்கட் அதனோடு முழுதாக வரவில்லை. பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு, பழைய அப்பளம்போல் துண்டு துண்டாக உதிர்ந்தது. ஒரு வாரம்கூட ஓடாத கேஸ்கட் இப்படி இரும்போடு இரும்பாகாது என்று ஆணையர் இரு தரப்புக்கும் கேட்கும்படி சொன்னார். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே அது அரித்துப்போயிருந்த இடத்தைக் காட்டினார். வாய்வரை தண்ணீர் ஊற்றி எடுத்தாலும் பொம்மசந்திரா போவதற்குள் இந்த ஓட்டை எல்லாவற்றையும் குடித்துவிடும் என்றார். ரேடியேட்டருக்குள் ஏதோ அடைப்புப் பசை ஊற்றப்பட்டிருந்ததையும் கண்டுபிடித்தார். கசிவைச் சில நாள் நிறுத்திவைக்க அது போதுமாம்.

கராஜ் முதலாளி உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வக்கீல் அவருடைய முழங்கையைத் தொட்டு ஏதோ சொல்ல முயன்றார். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் எதிரே வந்து நின்றார்.

“நான் ஹெட் எத்து, தூக்குன்னுதான் சொன்னேன். பசங்க எத்தலை. எத்தினோம்னு எங்கிட்ட சொன்னாங்க, நான் உங்ககிட்ட சொன்னேன்,” என்றார். பிறகு கன்னடத்தில், “தப்பாய்த்து,” என்றார். தவறாகிவிட்டது என்று பொருள்.

அப்பா உட்கார்ந்து, திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணையத்தின் உத்தரவு அடுத்த சில வாரங்களில் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. எஞ்சினைக் கராஜ் தன் செலவில் கட்டித்தர வேண்டும். வாங்கிய தொகையையும், வழக்குச் செலவையும் கொடுக்க வேண்டும். அதற்குமுன் ஒரு பத்தி இருந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு பற்றிய கண்டறிதல் ஆதாரமற்றது, அது நீக்கப்படுகிறது என்றது அந்தப் பத்தி.

நகலோடு நான் தெருவுக்குள் நுழைந்தபோது மாலை. அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். குழாயடியில் கூட்டம். ஸ்டாண்டில் கேலி பேசியவர்களில் இருவர் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அப்பா வீட்டுக்குள் போனபிறகு அமைதியாகப் படித்துக்காட்டியிருக்கலாம். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பழி தெருவில் வந்தது. அது தெருவிலேயே இறங்க வேண்டும்.

“அப்பா,” என்று அழைத்தேன். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அது. குடங்கள் நிமிர்ந்தன. காரின் அருகே நின்று அந்தப் பத்தியைத் தமிழில் படித்தேன். ஒரு சொல்லையும் சுருக்கவில்லை.

அப்பா தார்ப்பாயின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே கேட்டார். முடித்ததும், “அந்தப் பச்சை டப்பா,” என்றார். “அன்னைக்கு அதுலதான் தண்ணி புடிச்சேன். கைப்பிடி அத்துப் போயிருந்துது, அடியில கை குடுத்துத் தூக்கி ஊத்துனேன். சட்டையெல்லாம் ஈரம். உங்கம்மா வேற சட்டை எடுத்துக் குடுத்தா.”

வாசலில் நின்ற அம்மா, “ஆமா, கோடு போட்ட சட்டை,” என்றாள். “இத்தன நாளு எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். எல்லாரும் அவரத்தானே கேட்டீங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ முடிவுரைகள் நிகழ்த்தியிருக்கிறேன். அன்று சொன்னதற்கு எந்த ஒத்திகையும் பார்க்கவில்லை. தெரு கேட்கும்படி, வீட்டில் பேசும் தமிழில் சொன்னேன்.

“எஞ்சின் கட்டி வரட்டும்பா. மொத நாளு நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து வரேன். தண்ணி பாத்தீங்களான்னு இனிமே உங்கள இந்தத் தெருவுல யாரும் கேக்கமாட்டாங்க. நானும் கேக்கமாட்டேன். எந்தக் காலத்துலயும் கேக்கமாட்டேன்.”